ஒரு பந்தி, இரண்டு அகப்பை

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் முதலில் மாறுவது உடை. அடுத்துத் தேய்வது மொழி. நெடுநாள் நிலைத்து நிற்பது நாவின் சுவை. இதனைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் காப்பித் தூளுக்கும் பை தூக்கி வரும் தமிழர்களில் வங்க மொழியைப் பிழையறப் பேசுவோர் பலர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளும் பலர். ஆனால் ரசத்தின் சுவையில் ஓர் அணு பிசகினாலும் அவர்கள் அனைவரும் கண்டுகொள்வார்கள்.

சுவை இவ்வளவு ஆழமாக வேரூன்றுவதால்தான் வேற்றுக் குலத்திலிருந்து ஒருத்தி வீட்டுக்கு வரும்போது மொழியால் வராத இடர் உணவால் வந்துவிடுகிறது. எங்கள் இல்லத்திலும் அத்தகைய ஓர் இடர் வாயில்வரை வந்தது. பாலும் பாலாடைக்கட்டியும் மாட்டிறைச்சியும் சேர்ந்த பாஸ்தா என்னும் இத்தாலிய உணவு அதைத் தீர்த்துவைத்தது என்றால் நம்புவது கடினம். இம்மலரைப் படிக்கும் அன்பர் பலர் சைவ உணவினர் என்பதை அறிவோம். நாங்கள் இருவரும் அவ்வாறே; இறைச்சியை நாவில் வைத்தறியோம். ஆயினும் இதனை எழுதத் துணிந்தோம். இன்று நம் சங்கத்து வீடுகள் பலவற்றில் இதே கேள்வி வெவ்வேறு வடிவில் எழுந்துகொண்டிருக்கிறது.

எங்கள் முன்னோர் நெல்லைச் சீமையினர். 1981-இல் பணியின் பொருட்டுக் கொல்கத்தா வந்தோம். தந்தையார் மறைந்தபின் 1996-இல் தாயாரும் எங்களுடன் வந்து சேர்ந்தார். பேரன் அவரை ஆச்சி என்று அழைத்ததால் நாளடைவில் வீடு முழுவதற்கும், ஏன், மாடி வீட்டு வங்காளிக் குடும்பத்துக்கும்கூட அவர் ஆச்சியே ஆனார். வெங்காயம்கூடச் சேராத நாள்கள் மாதத்தில் ஐந்தாறு உண்டு அவருக்கு.

2013-இல் எங்கள் மகன் திருமணம் செய்துகொண்டான். மணமகள் ஷில்லாங்கைச் சேர்ந்த காசி இனத்துப் பெண். காசி மக்களின் வழக்கம் நம் வழக்கத்துக்கு நேர்மாறானது. அங்கே குலப்பெயர் தாய்வழி வரும்; தாய்வீடு கடைசி மகளுக்கு உரியது; மணமானபின் கணவன் மனைவி வீட்டுக்குச் செல்வதே அவர்களின் பழைய முறை. ஆகவே எங்கள் மருமகள் எங்கள் வீட்டில் வந்து வாழ ஒப்பியது, நம் பெண்கள் புகுந்த வீடு செல்வதைப் போன்றதன்று. தன் மரபில் யாரும் கேட்காத ஒன்றை அவள் எங்களுக்காகச் செய்தாள்.

வந்த நாள் முதல் அவள் எங்கள் உணவையே உண்டாள். தேங்காய்த் துருவலில் பால் பிழியக் கற்றாள்; ஆச்சியிடம் நெல்லைச் சொதி வைக்கப் பழகினாள். அவளுடைய ஊரில் மாட்டிறைச்சி அன்றாட உணவு. எங்கள் வீட்டில் அதன் பெயரையும் அவள் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. பூசலில்லை, ஆனால் பந்தியில் அவள் அளந்து பேசியதைப் போலவே அளந்து உண்டாள் என்பது ஆச்சியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

2016-இன் நடுவில் அவள் கருவுற்றாள். வாந்தியும் மயக்கமுமாக இரண்டு மாதம் கழிந்தது. எதை வைத்தாலும் இரண்டு கவளத்துக்குமேல் இறங்கவில்லை. ஒருநாள் மாலை ஆச்சி அவளை அருகில் அமர்த்திக்கொண்டு, “என்ன சாப்பிடணும்னு தோணுது? மறைக்காமச் சொல்லு” என்று கேட்டார். புளிச்சாதம், மாங்காய், அல்லது பேரங்காடியில் விற்கும் ஏதேனும் ஒரு தின்பண்டம் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் சற்றுத் தயங்கி, தான் கற்ற தமிழில் மெல்லச் சொன்னாள்: “ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் எங்க அம்மா செய்ற மாட்டுக்கறி, ஆச்சி.”

அந்த அறையில் எவரும் பேசவில்லை. ஆச்சி எழுந்து விளக்கேற்றச் சென்றுவிட்டார். அன்றிரவு அவர் உண்ணவும் இல்லை.

மறுநாள் காலைக் காப்பிக்குப்பின் எங்கள் இருவரையும் அழைத்தார். “மசக்கைக்காரி கேட்டதைக் குடுக்காம இருக்கப்பிடாது. அது யாரு வீட்டுச் சாப்பாடா இருந்தா என்ன?” என்றார். வாயும் வயிறுமாக இருப்பவளின் ஆசையைத் தீர்க்க வேண்டும் என்பது நம் பெண்கள் வழிவழியாகப் போற்றிய முறை. வளைகாப்பில் சித்திரான்னங்கள் பல செய்து படைப்பதும் அந்த எண்ணத்தால்தான். புலால் விலக்கு ஒரு மரபு. மசக்கை தீர்த்தல் மற்றொரு மரபு. இரண்டும் ஆச்சிக்கு உயிரானவை. இரவெல்லாம் அவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்து, எது முன்னது என்று அவரே தீர்ப்புச் செய்திருந்தார்.

நான்கு நிபந்தனைகள் விதித்தார். இறைச்சி அவருடைய அடுப்பில் ஏறக்கூடாது. பின்கட்டு வராந்தாவில் தனியாக ஒரு மின் அடுப்பு வேண்டும். பாத்திரமும் அகப்பையும் தனியாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் கூடா. நான்காவதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை: “அவளைத் தனியா ஒக்கார வெச்சுச் சோறு போடப்பிடாது. எல்லாரும் ஒண்ணாத்தான் ஒக்காரணும். நானும் ஒக்காருவேன்.”

ஒரே பந்தி என்றால் ஒரே உணவின் சாயல் வேண்டும். சோற்றுக்கு ஒரு பக்கம் சொதியும் மறுபக்கம் மாட்டிறைச்சிக் குழம்பும் வைத்தால் பந்தி இரண்டாகப் பிளந்ததாகவே தோன்றும். இதற்கு வழி சொன்னவன் மகன். பாஸ்தாவில் மாவுப் பண்டம் தனியாக வேகிறது. பால் சாறு தனியாகக் காய்கிறது. இறைச்சியும் தனியாகவே வேகிறது. மூன்றும் கடைசியில்தான் கூடுகின்றன. முதல் இரண்டையும் எல்லோர்க்கும் பொதுவாகச் செய்து, பாதியைப் பிரித்தெடுத்து, மறுபாதியில் மட்டும் இறைச்சியைச் சேர்க்கலாம். மேலும் அது நெல்லையின் உணவும் அன்று, ஷில்லாங்கின் உணவும் அன்று. ஒருவர் வீட்டு உணவு மற்றவர் வீட்டு உணவை வென்றது என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மாட்டிறைச்சி பற்றிய சட்டம் இந்நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது. மகாராஷ்டிரத்தில் 2015 முதல் எருதும் காளையும் தடைக்குள் வந்தன. ஆகவே பம்பாய் வாழ் அன்பர்க்கு நாங்கள் சொல்லும் முறையை ஆட்டுக் கொத்துக்கறியிலும் செய்ய இயலும், செய்முறை மாறாது. நாங்கள் அன்று சென்றது 1874-இல் திறக்கப்பட்ட ஹாக் மார்க்கெட்டுக்கு. கொல்கத்தா மக்கள் அதனை இன்றளவும் நியூ மார்க்கெட் என்றே அழைக்கின்றனர். மகனும் மருமகளும் இறைச்சிப் பகுதிக்குச் செல்ல, நாங்கள் பாலாடைக்கட்டிக் கடையில் நின்றோம்.

அக்கடையில் பாலாடைக்கட்டியின் வரலாறே அடுக்கி வைத்திருந்தது. ஹூக்ளிக் கரையில் போர்த்துகீசியர் குடியேறிய பாண்டேலின் பெயர் தாங்கிய சிறு வில்லைகள். உப்பு மிகுந்தவை, புகை மணம் ஊட்டியவை. காலிம்போங் மலையின் வெளிர்மஞ்சள் கட்டிகள். ஆனந்தின் கூட்டுறவுப் பால் பண்ணையார் செய்யும் கட்டிகள். பாண்டேல் வில்லை உதிருமே தவிர உருகாது. இரவெல்லாம் நீரில் ஊறவைத்து உப்பை இறக்கி உண்ண வேண்டும். பாஸ்தாவுக்கு உருகும் இனமே தேவை.

இங்கே சைவ உணவினர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஐரோப்பாவில் பாலைத் திரிக்கப் பழங்காலம் முதல் பயன்பட்டு வந்தது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகை நொதி. இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்கு இன்றும் கன்றின் நொதியே விதி. இறைச்சி சேராத பாஸ்தா என்று நாம் எண்ணி உண்பதிலும் அது கலந்திருக்கக்கூடும். நம் நாட்டில் பச்சைப் புள்ளியிட்டு வரும் பாலாடைக்கட்டிகள் நுண்ணுயிர்களிலிருந்து பெற்ற நொதியால் திரித்தவை. ஆச்சிக்கு இதனை விளக்கியபோது அவர் உறையைக் கையில் வாங்கிப் பச்சைப் புள்ளியைக் கண்ணாடியிட்டுப் பார்த்தபிறகே ஒப்புதல் தந்தார்.

இனிச் செய்முறை. அறுவர்க்கு அரைக் கிலோ பாஸ்தா வேண்டும். எழுதுகோல் முனைபோல் சாய்வாக வெட்டிய குழல்களே ஏற்றவை. சாறு உள்ளே புகுந்து தங்கும். ‘பென்னே’ என்னும் அதன் பெயருக்கும் எழுதும் இறகு என்பதே பொருள். ஆச்சி அதற்குக் ‘குழாய்ச் சேமியா’ என்று பெயரிட்டார். கடினக் கோதுமை ரவையில் செய்வது என்பதால் அப்பெயரில் குற்றம் காண்பதற்கில்லை. ஐந்து லிட்டர் நீர் தளதளவெனக் கொதிக்கும்போது மூன்று மேசைக்கரண்டி உப்பிட்டுப் பாஸ்தாவைப் போட வேண்டும். உறையில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். நடுவில் சற்று உறுதி இருப்பதே பதம். வடித்த நீரில் இரண்டு குவளை எடுத்து வைத்துக்கொள்வது நன்று. அதில் மாவுச்சத்து கரைந்திருப்பதால் பின்னர் சாறு இறுகினால் தளர்த்த உதவும்.

இறைச்சிப் பகுதி மருமகளின் கைவேலை. நாங்கள் வராந்தாக் கதவருகே நின்று கண்டதையே எழுதுகிறோம். நானூறு கிராம் கொத்துக்கறியை நன்கு காய்ந்த வாணலியில் சிறிது சிறிதாக இட்டு வதக்கினாள். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டுக்கொண்டு வெந்துபோகுமே தவிரச் சிவக்காது என்றாள். பிறகு பொடியாக அரிந்த வெங்காயம், பூண்டு, காரட், அதன்பின் தக்காளி, மூடியிட்டு மெல்லிய தீயில் ஒன்றரை மணி நேரம். இடையில் அரைக் குவளை பால் ஊற்றினாள். இறைச்சியில் பாலா என்று வியந்தோம். 1982 அக்டோபர் 17 அன்று இத்தாலியச் சமையற் கழகத்தார் பொலோஞா நகர வணிக மன்றத்தில் தங்கள் ஊர் இறைச்சிச் சாற்றின் செய்முறையைப் பதிவு செய்தனர். அதிலும் மாட்டிறைச்சியோடு பால் இடம்பெற்றிருக்கிறது. தக்காளியின் புளிப்பை அது தணிக்கிறது.

பால் சாறு எங்கள் பொறுப்பு. எழுபத்தைந்து கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைச் சேர்த்துச் சிவக்காமல் வறுத்து, பச்சை வாடை போனதும் ஒரு லிட்டர் பாலைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். முதற் கரண்டிப் பாலிலேயே கட்டியை உடைத்துவிட்டால் பிறகு கட்டி தட்டாது. அகப்பையின் பின்புறத்தில் சாறு படிந்து, விரலால் கோடிழுத்தால் கோடு நிற்கும் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும். மிளகுத் தூளும் சிறிது சாதிக்காயும் சேரும். உப்பைக் குறைத்தே போடுவது நல்லது. பாலாடைக்கட்டியில் உப்பு உண்டு.

துருவிய பாலாடைக்கட்டி இருநூறு கிராமை எடுத்துக்கொண்டு கொதிக்கும் சாற்றை நோக்கி நாங்கள் செல்ல, ஆச்சி தடுத்தார். “அடுப்பை அணைச்சுட்டுப் போடணும். முதல் பாலைக் கொதிக்க விடுவாளா எவளாவது?” என்றார். நெல்லைச் சொதியை அறிந்தவர்க்கு அச்சொல்லின் பொருள் விளங்கும். தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்களை வேகவைத்து, கெட்டியான முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுவர்; கொதித்தால் திரிந்துவிடும். பாலாடைக்கட்டிக்கும் அதே இயல்பு. மிகுந்த சூட்டில் அதன் புரதம் இறுகி, கொழுப்புப் பிரிந்து, சாறு மணல் மணலாகிவிடும். தம் வாழ்நாளில் பாஸ்தாவைக் கண்டிராத ஒருவர் சொதியின் அறிவைக் கொண்டே அதனைக் காப்பாற்றினார்.

சாற்றையும் குழல்களையும் கலந்து இரண்டு பாத்திரங்களாகப் பிரித்தோம். ஒன்றில் வதக்கிய குடைமிளகாயும் பட்டாணியும். மற்றொன்று வராந்தாவுக்குச் சென்று இறைச்சியோடு கூடித் திரும்பியது. முதல் கவளத்தை உண்டு ஆச்சி சொன்ன தீர்ப்பு: “பாயசத்துல சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிருக்கு. ஆனா நல்லாத்தான் இருக்கு.” பிறகு, இவ்வளவு பால் மந்தம் தரும் என்று சொல்லி, சொதிக்குத் துணையாகும் இஞ்சிப் பச்சடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மருமகளும் அதைத் தன் தட்டில் இட்டுக்கொண்டாள். அன்று அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டாள். ஆச்சி தம் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. ஆனால் அவள் எத்தனை கவளம் உண்டாள் என்பதைப் பிறகு எங்களிடம் கணக்காகச் சொன்னார்.

இவ்வுணவின் வரலாற்றைப் பின்னர்த் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பாலேடும் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் இவ்வளவு தாராளமாகச் சேர்வது இத்தாலியின் பழைய வழக்கமன்று. தென் இத்தாலியின் ஏழை வீடுகளில் இறைச்சி விழா நாளின் உணவு. 1880-க்கும் 1920-க்கும் இடையே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர், பெரும்பாலோர் தென்பகுதியினர். அங்கே இறைச்சி எளிதாகக் கிடைத்தது. பாஸ்தாவும் இறைச்சியும் அன்றாடம் கூடின. உரோமையில் ஆல்பிரடோ என்பவர் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மட்டும் கொண்டு செய்த பாஸ்தா அமெரிக்காவில்தான் பாலேடு பெற்றது. ஆக, எங்கள் மேசைக்கு வந்த உணவே ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் உணவு. தாய்நாட்டில் அதை ஏற்காதவர் இருக்கலாம். ஆனால் புதிய ஊரில் கிடைத்ததையும் பழைய ஊரில் கற்றதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சோறிட்ட தாய்மார்களின் கைப்பக்குவம் அதில் இருக்கிறது.

நம் சமையலும் அவ்வாறு வளர்ந்ததே. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. மிளகை அறிந்திருந்த நாக்கு புதிய காயை மிளகாய் என்று அழைத்துச் சொந்தமாக்கிக்கொண்டது. முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளில் பல வீடுகளில் இன்றும் மிளகாயை விலக்கி மிளகையே சேர்ப்பது, அது பின்னர் வந்தது என்பதன் நினைவே. புலால் உணவும் தமிழர்க்குப் புதிதன்று. கரிகாலன் பொருநர்க்கு இறைச்சி விருந்தளித்ததைப் பொருநராற்றுப்படை விரிவாகக் கூறுகிறது. புலால் மறுத்தலை வள்ளுவர் ஓர் அதிகாரமாகவே வகுத்தார். இரண்டும் நம் நூல்கள். இரண்டையும் மனப்பாடமாக அறிந்தவர்கள் ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கிறோம்.

அவ்வாண்டு டிசம்பரில் ஷில்லாங்கிலிருந்து சம்பந்திகள் வந்தனர். மகள் என்ன உண்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று காணவே அவர்கள் வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முதல்நாள் இரவு அதே உணவைச் செய்தோம். ஆறு பேர் அமரும் மேசையில் ஏழு பேர் நெருங்கி அமர்ந்தோம். சம்பந்தியம்மாள் இரண்டு பாத்திரங்களையும் இரண்டு அகப்பைகளையும் கண்டார்; மகள் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் எழுந்து, மாட்டிறைச்சிப் பாத்திரத்தைத் தம் பக்கமாக நகர்த்தி, ஆச்சியின் தட்டுக்கும் அதற்கும் இடையே நீர்க்குவளையை வைத்தார். ஆச்சி அக்குவளையை எடுத்து அருந்திவிட்டு மறுபக்கம் வைத்தார். அவ்வளவே. இருவர்க்கும் பொதுமொழி கிடையாது.

உணவுக்குப்பின் சம்பந்தியம்மாள் தாம் கொண்டுவந்த பொதியை அவிழ்த்தார். ஜெயந்தியா மலையின் லக்கடோங் என்னும் இடத்து மஞ்சள். நிறத்துக்கும் மணத்துக்கும் பெயர் பெற்றது. மஞ்சளைக் கண்டதும் ஆச்சி எழுந்து நின்று இரு கையாலும் வாங்கிக்கொண்டார். மஞ்சள் கொண்டு வருபவர்க்கு நம் வீட்டில் என்ன மதிப்பு என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த மாதம் பொங்கலன்று சாம்பாரிலும் அந்த மஞ்சளே சேர்ந்தது.

2017-இல் பேத்தி பிறந்தாள். ஆச்சி 2022-இல் மறைந்தார். பின்கட்டு மின் அடுப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது; நாங்கள் இருவரும் இன்னும் சைவ உணவினரே; அகப்பைகளும் இரண்டுதான். பேத்தி எந்தப் பாத்திரத்தில் உண்ண வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. சில வாரம் அதில், சில வாரம் இதில் என்று அவள் விருப்பம்போல் உண்கிறாள். ஆனால் ஓர் அகப்பையை மற்றொன்றில் இடுவதில்லை. அதை அவளுக்கு யாரும் கற்பித்ததாக நினைவில்லை.

வேற்று மாநிலத்து மருமகளோ மருமகனோ வரவிருக்கும் வீட்டார் எங்களிடம் கேட்பதுண்டு: உணவுக்கு என்ன செய்வீர்கள்? விட்டுக்கொடுத்தல் என்னும் ஒரே சொல்லால் நாங்கள் விடை சொல்வதில்லை. ஆச்சி தம் நோன்பு ஒன்றையும் விடவில்லை. மருமகளும் தன் தாய்வீட்டு உணவை விடவில்லை. தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் யாருக்கும் இழிவாகவில்லை, பந்தி ஒன்றாக இருந்த காரணத்தால். ஆகவே, கேட்பவரைச் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வரச் சொல்கிறோம். எந்தப் பாத்திரத்தில் உண்பவர் என்பதை மட்டும் வாயிலிலேயே கேட்டுக்கொள்வோம். இஞ்சிப் பச்சடி எல்லோர்க்கும் உண்டு.